திரைக்குப் பின்னால் ஒரு சுவர்

இரவு முழுவதும் ரயிலில் அசைந்து வந்து, கிழக்கு வெளுக்கும் வேளையில் எழும்பூர் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரர்களின் உபசாரத்தையும் லாட்ஜ் தரகர்களின் அதைவிட மிகுதியான உபசாரத்தையும் ஒருவாறு கடந்து, எதிர்ச் சாரியிலுள்ள சந்துகளில் ஒன்றில் பெட்டியோடு நுழைகிற பிரயாணிக்கு அந்த நேரத்தில் பெரிய ஆசைகள் எவையும் இருப்பதில்லை. முகம் கழுவத் தண்ணீரும், முதுகைச் சாய்க்கக் கட்டிலும், உள்ளே தாழிட்டுக்கொள்ளக் கதவும் கிடைத்தால் ஆயிரம் ரூபாயை அவன் சந்தோஷமாகவே எண்ணிக் கொடுப்பான். சில மாதங்களுக்கு முன் அப்படி நுழைந்தவர்களில் நானும் ஒருவன். எண்ணிக் கொடுக்கும் சிரமம்கூட எனக்கு இல்லை. முதல் நாளே கைபேசி வழியாகப் பணத்தைக் கட்டியிருந்தேன். கட்டத் தூண்டியது ஒரு படம். வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, கட்டிலின் தலைமாட்டில் அகலமான நீலத் திரை, திரையின் இடுக்கில் கசியும் காலை வெளிச்சம்.

அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது அந்தத் திரையைத்தான். இருந்தது, படத்தில் கண்ட அதே நீலம், ஓரங்களில் மட்டும் விரல் அழுக்கு ஏறிப் பழுப்பு. ராத்திரி யாரோ புகைத்த பீடியின் வாடையும், நனைந்த மெத்தையின் வாடையும், இவ்விரண்டையும் மறைக்கத் தெளித்த மல்லிகை சென்ட்டின் வாடையும் கலந்து நின்ற அந்த அறையில் சிறிது காற்று வரட்டும் என்று திரையை ஒதுக்கினேன். ஜன்னலின் மரச்சட்டம் இருந்தது, கம்பிகளும் இருந்தன, கம்பிகளுக்கு அப்பால் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு காயுமுன் யாரோ விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்த அடையாளம்கூட அதில் இருந்தது. படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, திரைக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் படமெடுத்திருப்பார்கள் என்பதைத் தவிர வேறு விடை எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதை ஒரு தனிமனிதனின் முறையீடாகச் சொல்லவரவில்லை. குறைந்த வாடகை விடுதிகளில் முப்பது வருஷமாகத் தங்கிப் பழகியவன் நான். கறுத்த பக்கெட், கைப்பிடி இல்லாத மக்கு, திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும் குழாய், காலை ஆறு முதல் எட்டு வரை வரும் என்று எழுதிப் போட்டு ஆறே காலுக்கு நின்றுவிடும் வெந்நீர் ஆகியவற்றோடு எனக்கு விரோதம் கிடையாது. மலிவான இடத்தில் வசதி குறையும் என்பது நியாயமான கணக்கு. என்னைச் சிந்திக்க வைத்தது அந்தத் திரை. சுவரை மறைத்து ஜன்னல் என்று சொல்லும் துணிவு இந்தத் தொழிலுக்கு எப்போது வந்தது?

தமிழ்நாட்டில் ‘ஓட்டல்’ என்றால் சாப்பிடும் இடம். படுக்கும் இடத்துக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். மாதக் கணக்கில் தங்கும் பிரம்மசாரிகளின் இடம் திருவல்லிக்கேணியில் ‘மேன்ஷன்’ ஆயிற்று. இந்த மூன்று சொற்களையும் நம் ஜனங்கள் குழப்பமின்றிப் பயன்படுத்திவந்தார்கள். அண்மைக் காலத்தில் லாட்ஜ் என்ற சொல்லுக்கு ஏனோ மதிப்பு குறைந்து, முகப்பில் கண்ணாடி பதித்து ஒரு விளக்குப் பலகை மாட்டியவுடன் அதே கட்டடம் ‘ரெசிடென்சி’ ஆகிவிடுகிறது. மாடிப்படி மாறுவதில்லை, குழாய் மாறுவதில்லை. வாடகை மட்டும் நூறோ இருநூறோ மாறுகிறது.

பழைய லாட்ஜுகளில் ஒரு வழக்கம் இருந்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் நான் பல தடவை தங்கிய ஒரு லாட்ஜின் மேனேஜர், நெற்றி நிறைய விபூதியும் காதில் செருகிய பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர், யார் வந்து அறை கேட்டாலும் பணத்தைத் தொடமாட்டார். பித்தளைத் தகடு கோத்த சாவியை மேஜைமேல் தள்ளிவிட்டு, “ரூம் சின்னது. வெளிச்சம் கம்மி. மேல போய்ப் பாத்துட்டு வாங்க, புடிச்சா எழுதிக்கிறேன்” என்பார். மேலே போய்ப் பார்த்தால் அவர் சொன்னதைவிட அறை கொஞ்சம் நன்றாகவே இருக்கும். பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகலாம், முகம் சுளிக்கமாட்டார். முதலில் சாவி, பிறகு பணம் என்ற இந்தச் சின்ன வரிசைமுறையில், எந்தச் சட்டமும் எந்த அதிகாரியும் தரமுடியாத பாதுகாப்பு பிரயாணிக்கு இருந்தது. அழுக்கு விரிப்பைப் போட்டுவைத்தால் சாவி திரும்பி வரும் என்ற பயம் முதலாளிக்கு இருந்தது.

இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பணம் முதலில், அதுவும் முதல் நாளே, சாவி மறுநாள். சாவி இருந்த இடத்தில் ஒரு படம் வந்து உட்கார்ந்துகொண்டது. அறை சரியில்லை என்று கீழே வந்து சொன்னால், மேஜைக்குப் பின்னாலிருக்கும் இளைஞர், “நீங்க ஆன்லைன்ல போட்டது சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, அங்க பேசுங்க” என்கிறார். அங்கே பேசினால், “விடுதியாரிடம் கேளுங்கள்” என்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் இடையில், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு நிற்பவன் என்ன செய்வான்? பேசாமல் படியேறுவான். நானும் ஏறினேன்.

ஏறுவதற்கு முன்னால் இன்னொரு பாடமும் நடந்தது. எங்கள் பக்கத்து லாட்ஜுகளில் வெகுகாலமாக இருபத்துநான்கு மணி நேரக் கணக்குதான் நடைமுறை. காலை ஆறு மணிக்கு வந்தவன் மறுநாள் காலை ஆறு மணிவரை அறைக்கு உடையவன். தென் மாவட்டத்து ரயில்கள் பலவும் விடியற்காலையில் வந்து இரவில் புறப்படுவதால், வந்து இறங்கும் மனிதனின் நாள் எப்படிப்பட்டது என்பதை அறிந்து ஏற்படுத்திய கணக்கு அது. இப்போது பல இடங்களில் நட்சத்திர விடுதிகளைப் பார்த்துப் பகல் பன்னிரண்டு மணிக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கு வந்து, ஒரு காரியத்தை முடித்து, அன்றிரவே ஒன்பது மணி ரயிலைப் பிடிப்பவன் தங்குவது பதினைந்து மணி நேரம். பழைய கணக்கில் அது ஒரு நாள். புதிய கணக்கைக் கறாராகப் பிடித்தால் இரண்டு நாள். விமானத்தில் மத்தியானம் வந்து இறங்குகிறவனுக்காக வகுத்த நியதியை, ரயிலில் விடியற்காலை இறங்குகிறவன் தலையில் கட்டுவது அறியாமையால் நேர்ந்தது என்று நம்பும் அளவுக்கு நான் சாது அல்லன். அன்று என்னிடம் அரைநாள் வாடகை கூடுதலாக வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு, நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக் கொடுத்தார்கள்.

விரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளை விரிப்பில் ஒரு மூலையில் விடுதியின் பெயர் ஊதா மையில் முத்திரையிட்டிருந்தது. அந்த முத்திரை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்திருந்ததைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. துவைத்த விரிப்பை முத்திரை மேலே தெரியும்படி விரிப்பதுதான் வழக்கம். ஒரே இரவு தங்கிப் போனவரின் விரிப்பைச் சலவைக்குப் போடாமல் திருப்பி விரிப்பது சில இடங்களின் சிக்கனம். தலையணையைத் தூக்கினேன், நீளமாக ஒரு தலைமயிர். மெத்தையின் தையலோரத்தில், மிளகைச் சிதறவிட்டாற்போலச் சிறு கரும்புள்ளிகள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை நாம் பரிகாசமாகச் சொல்வோம்; ஆனால் இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கவல்ல அந்தப் பிராணியைக் கட்டில் சந்துகளிலிருந்தும் சுவர் விரிசல்களிலிருந்தும் முற்றாக ஒழிப்பதற்கு, அறையைச் சில நாள் காலியாகப் போட்டு, மெத்தையை மாற்றி, மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், கொளுத்தியவன்மேல் கொஞ்சம் அனுதாபம் பிறக்கிறது. காலியாகப் போட எந்த முதலாளிக்கு மனம் வரும்? தினமும் சென்ட் தெளிப்பது எளிது.

முதலாளிகளை மட்டும் ஏசிவிட்டு நகர்வதும் நியாயமில்லை. இந்தச் சந்துகளில் பல கட்டடங்களுக்கு உடையவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர். நடத்துபவர் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ குத்தகைக்கு எடுத்து, பெரிய முன்பணம் கட்டி, மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துகிறார். குழாய் உடைந்தால், கட்டடம் என்னுடையதா என்பார் குத்தகைக்காரர். வருமானம் எனக்கா வருகிறது என்பார் கட்டடக்காரர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதோடு இடத்தின் மகிமையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடையில் காப்பி எப்படி இருந்தாலும் விற்றுப்போவதுபோல, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அறையும் எப்படி இருந்தாலும் நிரம்பும். இன்று கோபித்துக்கொண்டு போகிறவர் மறுபடி வரமாட்டார் என்பது உண்மையே, ஆனால் நாளைக் காலை ரயிலில் வருகிறவருக்கு அது தெரியாது. தென் மாவட்டத்துப் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30 அன்று திறந்த நிலையம் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் அமைந்த பிறகு, அதுவரை அப்பேருந்துகள் வந்து நின்ற கோயம்பேட்டை நம்பி லாட்ஜ் கட்டியவர்களின் பாடு திண்டாட்டமாயிற்று என்பதைப் பார்த்தால், இந்தத் தொழிலின் மூலதனம் கட்டிலும் மெத்தையும் அல்ல, இறங்கும் இடத்துக்கு எத்தனை அடி தூரம் என்பதுதான் என்று விளங்கும்.

அந்த அடிக்கணக்கை நம்பி வருகிறவர்கள் யார்? உல்லாசப் பிரயாணிகள் மிகச் சிலர். அன்று அந்த விடுதியின் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, ‘வந்த காரியம்’ என்ற பத்தியில் எனக்கு மேலே இருந்தவற்றைக் கண் தானாகவே படித்தது. ‘ஆஸ்பத்திரி’ என்று மூன்று பேர். ‘எக்ஸாம்’ என்று இருவர். ‘கோர்ட்’ என்று ஒருவர். ஒருவர் எழுத்துக் கூட்டி ‘மகள் சேர்க்கை’ என்று எழுதியிருந்தார். சென்ட்ரலுக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனை, எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை, பாரிமுனைப் பக்கம் உயர்நீதிமன்றம், பூங்கா நகரில் தேர்வாணையம் என்று, தமிழ்நாட்டு ஜனங்களின் கவலைகளெல்லாம் வந்து இறங்கும் திசை இதுவே. குழந்தையை வார்டில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர வந்த தகப்பனும், மறுநாள் பரீட்சைக்கு நள்ளிரவுவரை படிக்கவேண்டிய பெண்ணும் ஜன்னலில்லாத அறைக்குள் அடைபடும்போது ஏற்படும் ஏமாற்றத்துக்கு, சுற்றுலாக்காரனின் ஏமாற்றத்தைவிட எடை அதிகம்.

உடனே பழைய சத்திரங்களை நினைத்துப் பெருமூச்சு விடுவது நம் எழுத்தாளர்களின் சுபாவம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் பேரில் சத்திரம் நிற்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேசுவர யாத்திரை வழி நெடுகத் தஞ்சை மராட்டியர் அன்னசத்திரங்களைக் கட்டினார்கள். அவை பெரிய தர்மங்கள், சந்தேகமில்லை. ஆயினும் சத்திரத்தில் யாருக்கு எந்தத் தாழ்வாரம், எந்தப் பந்தி என்பதற்குச் சாதி ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் காசை மட்டும் கேட்டது லாட்ஜின் பெருமை. (வேறு சில கேள்விகளை அது கேட்பதுண்டு. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்ன பிறகும், அப்படி வருபவர்களையும் தனியாக வரும் பெண்ணையும் கண்டால் புருவத்தை உயர்த்தும் மேனேஜர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.) விருந்தோம்பலையும் இங்கே இழுக்கவேண்டியதில்லை. காசு கொடுத்துத் தங்குபவன் விருந்தாளி அல்லன். வாங்கிய காசுக்குச் சொன்னதைத் தந்தால் போதும்.

அந்த அடைத்த ஜன்னலுக்கு மீண்டும் வருகிறேன். 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டில்லி கரோல் பாக்கில் ஒரு விடுதி தீப்பற்றி 17 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் செகந்தராபாத்தில், மின்சார ஸ்கூட்டர்கள் விற்கும் கடைக்கு மேலே இருந்த லாட்ஜில் 8 பேர். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் படாபஜார் பக்கம் ஒரு மலிவு விடுதியில் 14 பேர். அவர்களில் கரூர் மாவட்டத்திலிருந்து போன ஒரு தாத்தாவும் இரு பேரக் குழந்தைகளும் அடக்கம். அங்கே பெரும்பாலோர் உயிரை வாங்கியது நெருப்பு அன்று, புகை. புகை வெளியேறவும் மனிதன் வெளியேறவும் ஒரு வழி வேண்டும். இருந்த வழியை ஏசியின் குளிர்ச்சி கசியாமலிருக்கச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதன்மேல் நீலத் திரை தொங்கவிடுகிறோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்கு மூட்டைப்பூச்சி பாதிதான் காரணம். மீதிப் பாதி, அந்த ஒற்றை மாடிப்படியில் எத்தனை படி, திருப்பத்தில் அடுக்கியிருந்த பழைய மெத்தைகளைத் தாண்டி இருட்டில் எப்படி இறங்குவது என்ற கணக்கு.

1867-ல், வடநாட்டுச் சத்திரங்களை மனத்தில் கொண்டு வெள்ளைக்கார அரசாங்கம் சராய்ச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. சராய் நடத்துபவன் அறைகளையும் தாழ்வாரங்களையும் சாக்கடைகளையும் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். பிரயாணிகள் புழங்கும் கிணற்றைத் தூய்மை செய்யவேண்டும். கதவு, சுவர், கூரை ஆகியவற்றைப் பழுது பார்க்கவேண்டும். போதிய காவற்காரர்களை நியமிக்கவேண்டும். திருடன் ஏறி உள்ளே குதிக்க உதவும் மரக்கிளைகளை வெட்டவேண்டும். கட்டண விவரத்தை எல்லாரும் காணும்படி எழுதி வைக்கவேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் முதற்கவலை பிரயாணியின் சுகமன்று, கொள்ளையும் கொள்ளை நோயும்தான் என்று நான் ஊகிக்கிறேன். இருந்தாலும் ஒரு மனிதன் ஓர் இரவு நிம்மதியாகத் தூங்க என்னென்ன வேண்டும் என்பதை அவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது அந்த மரக்கிளையிலேயே தெரிகிறது.

நம் காலத்துச் சட்டங்கள் பெருகியிருக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த வரிவிலக்கை 2022 ஜூலை 18 முதல் நீக்கி 12 சதவீதம் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததன் பயன் வாடகையில் எவ்வளவு இறங்கிற்று என்பதை அவரவர் தங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இணைய வியாபாரத்தில் கையாளும் ஏமாற்று உத்திகள் 13 என்று எண்ணி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை விதித்தது. ‘இன்னும் ஒரே அறைதான் மீதம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவது மற்றொன்று. 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. எல்லாம் சரி. தொள்ளாயிரம் ரூபாய் அறைக்காக, ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிய தகப்பன் எந்த நாளில் ஆணையத்தின் படியேறுவான்?

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டமும் அல்ல, மலிவு லாட்ஜுகளுக்கு நட்சத்திர அந்தஸ்தும் அல்ல. தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் டைல்ஸும் டி.வி.யும் கட்டாயமாக்கினால் வாடகை இரட்டிப்பாகி, ஆஸ்பத்திரிக்கு வந்தவன் பிளாட்பாரத்தில் படுக்க நேரும். மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, ஜன்னல் திறக்கிறதா, இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மற்றதைப் பிரயாணியின் கண்ணே பார்த்துக்கொள்ளும், மதுரை மேனேஜரின் பழைய வரிசைமுறை திரும்பி வருமானால். முன்பதிவை முன்பதிவாக வைத்துக்கொள்ளட்டும். பணத்தை மட்டும் அறையைப் பார்த்த பிறகு வாங்கட்டும். படத்தின்மேல் நம்பிக்கை உள்ள விடுதிக்காரருக்கு இதில் நஷ்டம் ஏது?

மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, மாடிப்படித் திருப்பத்தில் பழைய மெத்தைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார் ரூம் பாய். பாய் என்கிறோம், அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. திண்டிவனத்துப் பக்கம் ஊர். பதினெட்டு வருஷமாக இதே படித் திருப்பத்தில் படுக்கை. இருபது ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, “இந்தக் கட்டடத்துல ஜன்னல் உள்ள ரூமே கிடையாதா?” என்று கேட்டேன்.

“ஏன் இல்ல சார்? மூணாவது மாடி ஒம்பதாம் நம்பர். கதவத் தொறந்தா ஸ்டேஷனே தெரியும். காத்து அள்ளிட்டுப் போவும்.”

“அதைக் கேட்டா தருவாங்களா?”

அவர் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். “அது வாடகைக்கு இல்ல சார். படம் புடிக்கிறதுக்கு வெச்சிருக்காங்க.”